தளர்ந்த மூடியும் மஞ்சள் விளக்கும்

மத்தியான வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குப் பெற்றோல் அடிக்க மூடியைத் திருகினால் 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். கூடவே வாசனை மூக்கில் ஏறும். அதிகாலையில் திறந்தாலும் சில நாள் அதே சத்தம் வரும், வாசனை மட்டும் இராது. தாங்கிக்குள் இருப்பது பெற்றோல் மட்டும்தானே, இந்தக் காற்று எங்கிருந்து வந்து எங்கே போகிறது?

இதே மூடி இன்னொரு குழப்பத்தையும் தரும். செட்டில் பெற்றோல் அடித்து இரண்டு மூன்று நாள் போனபின், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும். கார் எப்போதும்போல் ஓடும், இழுவையும் குறையாது. பயந்து கராஜுக்குக் கொண்டுபோனால், பாஸ் பொனற்றைத் திறக்கவே மாட்டார். காரின் பின்பக்கம் போய் மூடியை ஒருமுறை திருகிவிட்டு, "இதை வடிவா இறுக்காமல் விட்டிட்டீங்கள் அண்ணை, வேறொண்டுமில்லை" என்பார். ரொறன்ரோவில் இருக்கும் உறவினரின் காரோ, எரிபொருள் மூடியைப் பார்க்கும்படி எழுத்திலேயே சொல்லிவிடும்.

பெற்றோல் ஒரு சொட்டும் சிந்தவில்லை, எஞ்சினிலும் பழுதில்லை. பின்னே இந்த மூடிக்காகக் காரின் கணினி ஏன் விளக்கைப் போட வேண்டும்? மேலே கேட்ட அந்த 'உஸ்' சத்தத்திலிருந்து தொடங்கினால் விடை கிடைக்கும்.

பெற்றோல் திரவமாக இருக்க விரும்பாது

புறங்கையில் ஒரு சொட்டுப் பெற்றோலை விட்டுப் பாருங்கள். தோல் குளிரும், சில விநாடியில் ஈரம் மறைந்துவிடும். அதே இடத்தில் டீசல் சொட்டு விழுந்தால் எண்ணெய்ப் பிசுக்காக அப்படியே கிடக்கும். இரண்டும் மண்ணெண்ணெயின் உறவுகள்தான். ஆனால் ஆவியாகும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பெற்றோல் ஒரே பொருளாலானதல்ல. காபனும் ஐதரசனும் சேர்ந்த நூற்றுக்கணக்கான சேர்மங்கள், அதாவது ஐதரோக்காபன்கள், அதில் கலந்திருக்கின்றன. அவற்றில் பாரம் குறைந்தவை 30 பாகை செல்சியசுக்கு அண்மையிலேயே கொதித்துவிடும். பாரம் கூடியவை 200 பாகை வரை தாங்கும். மன்னாரில் ஆண்டு முழுவதும் சராசரி வெப்பநிலை 28 பாகை அளவில் நிற்கிறது. நிழல் குறைந்த இந்தத் தட்டை நிலத்தில், வெயிலில் நிற்கும் காரின் அடியில் தார் வீதியும் சேர்ந்து சுடும். பெற்றோலின் இலேசான பகுதிக்கு இது கொதிநிலையை எட்டிப் பார்க்கும் வெப்பம்.

இப்படி ஒரு திரவத்திலிருந்து எழும் ஆவி சுற்றியுள்ளதைத் தள்ளும் வலிமையை ஆவியமுக்கம் என்போம். டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் அது மிகக் குறைவு. பெற்றோலுக்கோ நமது வெப்பநிலையில் வளியமுக்கத்தில் பாதியைத் தொட்டுவிடும். தலைமன்னார் பஸ்ஸின் டீசல் தாங்கிக்குத் தேவைப்படாத ஏற்பாடுகள் பெற்றோல் காருக்குத் தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே.

படகுத் தாங்கியின் சிறிய திருகு

பேசாலைக் கரையில் பெற்றோலில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றின் தாங்கியை உற்றுப் பாருங்கள். மூடியின் நடுவில் இன்னொரு சிறிய திருகு இருக்கும். கடலுக்குப் புறப்படுகையில் அதைத் தளர்த்துவார்கள், கரைக்கு வந்து தாங்கியைத் தூக்குமுன் இறுக்குவார்கள்.

தளர்த்த மறந்தால் என்ன நடக்கும்? எஞ்சின் பெற்றோலை உறிஞ்ச உறிஞ்சத் தாங்கிக்குள் வெற்றிடம் கூடும். அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வழியில்லை. கொஞ்சத் தூரம் போனதும் எஞ்சின் பெற்றோலின்றித் திணறி நின்றுவிடும். இறுக்க மறந்தால், வெயிலில் கிடக்கும் தாங்கியிலிருந்து ஆவி ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். சரிந்தால் பெற்றோலும் சிந்தும்.

பெற்றோல் தாங்கி எதற்குமே இந்த இரண்டு தேவையும் உண்டு: வெளிக்காற்று உள்ளே வர வேண்டும், உள்ளே உள்ள ஆவி வெளியே போகக்கூடாது. கடற்றொழிலாளி அதை இரண்டு விரலால் சமாளிக்கிறார். காரில் அந்தத் திருகைத் திருப்ப யாருமில்லை. பழைய காலக் கார்களில் மூடியிலோ தாங்கியிலோ ஒரு துளை விட்டிருந்தார்கள். அது இரவும் பகலும் திறந்தே இருந்தது.

ஒரு நாள், ஒரு கார், ஒரு கணக்கு

அந்தத் துளை வழியே எவ்வளவு போயிருக்கும்? 40 லீற்றர் தாங்கியுள்ள கார் ஒன்றை எடுப்போம். அதில் பாதி பெற்றோல், மேலே 20 லீற்றர் வெற்றிடம். தாங்கி வெளிக்காற்றுக்குத் திறந்திருப்பதாகவும், கார் நாள் முழுவதும் ஓடாமல் நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம்.

காலை 6 மணி, தாங்கிக்குள் 25 பாகை. அந்த 20 லீற்றர் வெளியில் ஏறத்தாழ 100க்கு 40 பங்கு பெற்றோல் ஆவி. ஆகவே ஆவி 8 லீற்றர், காற்று 12 லீற்றர்.

பிற்பகல் 2 மணி, தாங்கிக்குள் 35 பாகை. இப்போது ஆவியின் பங்கு 100க்கு 55 அளவுக்கு ஏறிவிட்டது. ஆவிக்கு 11 லீற்றர் இடம் வேண்டும், காற்றுக்கு மிஞ்சுவது 9 லீற்றர். காலையில் இருந்த 12 லீற்றர் காற்று சூட்டில் கொஞ்சம் விரிந்தும் இருக்கும். ஆகவே 3 லீற்றருக்கு மேற்பட்ட காற்று வெளியேறியே ஆக வேண்டும். காற்றும் ஆவியும் கலந்தே இருப்பதால் அந்தக் காற்று தனியே போகாது. கிட்டத்தட்ட அதே அளவு பெற்றோல் ஆவியையும் கூட்டிக்கொண்டு போகும்.

பெற்றோல் ஆவி காற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரமானது. வெளியேறிய 3 லீற்றர் ஆவியின் நிறை ஏறத்தாழ 8 கிராம். திரவமாக ஒடுக்கினால் 11 மில்லிலீற்றர், அதாவது இரண்டு தேக்கரண்டிக்குச் சற்று மேல்.

இரவில் இது தலைகீழாகும். தாங்கி குளிர, ஆவியில் ஒரு பகுதி மீண்டும் திரவமாகும். உள்ளே இடம் காலியாகி, வெளிக்காற்று உள்ளே வரும். அதிகாலைச் சத்தத்தில் வாசனை இல்லாததற்குக் காரணம் இதுதான்: அது உள்ளே போகும் காற்றின் சத்தம். மறுநாள் வெயில் ஏற, அந்தப் புதுக் காற்று மறுபடி ஆவியைச் சுமந்துகொண்டு வெளியேறும். இந்தத் தினசரிப் போக்குவரத்தை நாள்மூச்சு என்று அழைக்கலாம்.

தாங்கி நிறைந்திருந்தால் வெற்றிடம் குறைவு, இழப்பும் குறைவு. காற்பங்கு மட்டுமே பெற்றோல் இருந்தால் வெற்றிடம் 30 லீற்றர், இழப்பும் 12 கிராம் வரை போகும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் தாங்கிகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருந்தன. ஜூலையில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தது. அதற்கு முன் வரிசையில் நாட்கணக்கில் வெயிலில் நின்றோம். மூடி சரியாக இறுகாத கார்கள், ஓடாமலே பெற்றோலை இழந்துகொண்டிருந்தன.

பணக்கணக்கில் பார்த்தால் நாளுக்கு இரண்டு கரண்டி பெரிதில்லை. ஆனால் இப்படி 1000 கார்கள் நின்றால் ஒரு நாளில் 11 லீற்றர் பெற்றோல் ஆவியாகவே ஊர்க்காற்றில் கலக்கும். அது ஏன் பொருட்படுத்த வேண்டிய விடயம் என்பதை உலகம் வேறொரு கடற்கரையில் கற்றுக்கொண்டது.

லொஸ் ஏஞ்சலிஸ் தந்த பாடம்

1943இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை ஒரு பழுப்பு மூட்டம் மூடியது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. அது ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்ப வந்தது. தொழிற்சாலைப் புகைதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற இரசாயனவியலாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். எரியாத பெற்றோல் ஆவியும் எஞ்சின் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் சந்திக்கும்போது ஓசோன் உண்டாகிறது. மேல்வானத்தில் எங்களைக் காக்கும் அதே ஓசோன், மூக்கின் உயரத்தில் நுரையீரலைப் புண்ணாக்கும், பயிரின் இலையைக் கருக்கும்.

அதனால் புகைக்குழாயைத் திருத்தினால் மட்டும் போதாது என்று தெரிந்தது. நிற்கும் காரும் காற்றைக் கெடுக்கிறது. கலிபோர்னியா 1970ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்தும், மற்ற மாநிலங்களுக்கு அமெரிக்க மத்திய அரசு 1971இலிருந்தும், தாங்கி ஆவியைப் பிடித்துவைக்கும் கருவியைக் கட்டாயமாக்கின.

மன்னாரில் அந்த நகரத்து நெரிசல் இல்லை, கடற்காற்றும் ஓயாமல் வீசுகிறது. ஆனாலும் ஆவி இங்கேயும் தீங்குதான். பெற்றோலில் உள்ள பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. காற்றைவிடப் பாரமானதால் பெற்றோல் ஆவி மேலே எழாமல் தரையோடு பரவும். வீட்டுச் சுவரோடு ஒட்டிய கார்க் கொட்டகையில் தேங்கும், அடுப்பு எரியும் குசினி வரை தவழ்ந்தும் வரும். சின்னப் பிள்ளைகளின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

சிரட்டைக்கரி தெரிந்த ஊருக்குக் கரிப்பெட்டி

ஆவியைப் பிடிக்கும் கருவி மிகவும் எளியது: கரி நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. இதைக் கரிப்பெட்டி என்போம். தாங்கியிலிருந்து ஒரு குழாய் இதற்குள் வரும். வெளிக்காற்றுக்கு ஒரு வழி, எஞ்சினுக்கு ஒரு வழி, மொத்தம் மூன்று வாசல்.

பகலில் தாங்கி வெளித்தள்ளும் கலவை கரிக்குள் நுழைகிறது. பெற்றோல் மூலக்கூறுகள் கரியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள, வெறும் காற்று மட்டும் மறுபக்கத்தால் வெளியேறுகிறது. இப்படி மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதைப் புறத்துறிஞ்சல் என்று பாடநூல்கள் சொல்கின்றன. இதற்கு மேற்பரப்பு நிறைய வேண்டும். நீராவியாலோ அமிலத்தாலோ பதப்படுத்திய கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் அத்தனை உண்டு. ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் 1000 சதுர மீற்றர் வரும், கால் ஏக்கர் காணி.

இலங்கைக்கு இந்தக் கரி புதிதல்ல. சிரட்டைக்கரியிலிருந்து செய்யும் பதக்கரி நமது பெயர்பெற்ற ஏற்றுமதிப் பொருள். தண்ணீர் வடிகட்டிகளுக்கும், பொன்னைப் பிரித்தெடுக்கவும் உலகெங்கும் போகிறது. கார்களின் கரிப்பெட்டியிலோ பெரும்பாலும் மரக்கரியே இருக்கும். சிரட்டைக்கரியின் துளைகள் மிக ஒடுக்கமானவை, பிடித்த மூலக்கூறை எளிதில் விடாது. தண்ணீரைச் சுத்திகரிக்க அதுவே நல்லது. காரிலோ பிடிப்பதும் வேண்டும், விடுவதும் வேண்டும். மரக்கரியின் துளைகள் சற்று அகலமானவை.

ஏன் விட வேண்டும்? எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறக்கிறது. எஞ்சினின் உறிஞ்சல் வெளிக்காற்றைக் கரியின் ஊடாக இழுக்க, ஒட்டியிருந்த பெற்றோல் கழன்றுபோய் எஞ்சினில் எரிகிறது. கரி மறுநாளுக்குத் தயார். படகில் இரண்டு விரல் செய்த வேலையைக் காரில் இந்தக் கரிப்பெட்டி செய்கிறது.

கரியின் கொள்ளளவுக்கும் எல்லை உண்டு. எஞ்சினை முடுக்காமலே காரைப் பல நாள் வெயிலில் விட்டால் கரி நிரம்பி, மிச்ச ஆவி வெளியேறத் தொடங்கும். செட்டில் பம்ப் தானாக நின்றபின்னும் கழுத்து வரை நிரப்பச் சொல்வதும் தவறு. வழியும் பெற்றோல் திரவமாகவே கரிப்பெட்டிக்குள் போய்க் கரியைக் கெடுத்துவிடும்.

மூடியின் பங்கு இங்கேதான் வருகிறது. ஆவிக்குக் கரி வழியாகப் போவதைவிட, தளர்ந்த மூடி வழியாகப் போவது சுலபம். மூடி இறுகாத காரில் கரிப்பெட்டி இருந்தும் பயனில்லை.

கணினி ஓட்டை தேடும் விதம்

1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் தம் ஆவிக் கசிவைத் தாமே சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. முதலில் 1 மில்லிமீற்றர் துளையைக் கண்டுபிடித்தால் போதும் என்றார்கள், 2000ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அது அரை மில்லிமீற்றர் ஆனது.

சைக்கிள் ரியூபில் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்போம் அல்லவா, அதே யோசனைதான். பல கார்களில் கணினி எல்லா வாசலையும் அடைத்து, எஞ்சினின் உறிஞ்சலால் தாங்கிக்குள் சிறு வெற்றிடம் உண்டாக்கி, அது நிலைத்து நிற்கிறதா என்று அமுக்க உணரியைப் பார்க்கும். வேறு சில கார்கள் நிறுத்தி ஐந்து மணித்தியாலம் போனபின், ஆளில்லாத நேரத்தில், ஒரு குட்டிப் பம்பால் இதைச் செய்யும்.

பெற்றோல் கொதித்து ஆவி பெருகினால் இந்தச் சோதனை பொய் சொல்லும். அதனால் பல கார்களில் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், வெளி வெப்பம் 35 பாகை அளவைத் தாண்டக்கூடாது, தாங்கி நிரம்பியும் இருக்கக்கூடாது, வற்றியும் இருக்கக்கூடாது. மன்னாரின் மத்தியானத்தில் இவை ஒன்றுகூடுவது அரிது. சோதனைக்குக் காலைநேரப் பயணம் வாய்க்க வேண்டும். அதோடு, ஒருமுறை கசிவு தெரிந்ததும் கணினி விளக்கைப் போடாது. இன்னொரு பயணத்திலும் அதே முடிவு வந்தால்தான் போடும். இன்று தளர்வாக மூடிய மூடிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து விளக்கு எரிவது இதனால்தான்.

இறுக்கியவுடன் விளக்கு அணையாததற்கும் இதே விளக்கம். அடுத்தடுத்து மூன்று பயணங்களில் சோதனை நடந்து, மூன்றிலும் கசிவில்லை என்று தெரிந்தபின்பே அணையும். அதற்கு ஒரு வாரம் போகலாம்.

விளக்கு எரிந்தால்

முதலில் விளக்கைக் கவனியுங்கள். விட்டுவிட்டு மின்னினால் அது மூடியின் விடயமல்ல. எஞ்சினில் எரிதல் தவறுகிறது, உடனே வேகத்தைக் குறைத்துக் காரை நிறுத்த வேண்டும். மின்னாமல் மஞ்சளாக எரிந்து, காரும் ஒழுங்காக ஓடினால் பதற்றம் வேண்டாம். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து மூடியைப் பாருங்கள்.

மூடியை முழுவதும் கழற்றி, உள்ளே இருக்கும் றப்பர் வளையத்தில் விரலை ஓட்டுங்கள். வெடிப்பு இருக்கிறதா, தட்டையாகி இறுகிவிட்டதா, மணல் ஒட்டியிருக்கிறதா? மூடியைக் காரோடு கட்டியிருக்கும் பட்டி சிலவேளை வளையத்துக்குள் மாட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் வளையத்தையும் குழாயின் விளிம்பையும் துடைத்து, நேராக வைத்து, 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை திருப்புங்கள். அளவான இறுக்கம் வந்ததும் மூடியின் உள்ளிருக்கும் பல்சக்கரம் நழுவுவதுதான் அந்தச் சத்தம்.

பிறகு சில நாள் வழமைபோல் ஓடுங்கள். விளக்கு நிலைத்தால் கராஜில் ஸ்கானர் போட்டுப் பார்க்கலாம். பி0457 என்றால் மூடி தளர்வு, பி0455 என்றால் பெரிய கசிவு, பி0456 என்றால் மிகச் சிறிய கசிவு. பெரிய கசிவென்றாலும் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது மூடிதான், அதுவே மலிவு. அதன்பின் குழாய்கள், வால்வு, கரிப்பெட்டி என்று போகலாம். மூடி தொலைந்தால் துணியையோ பொலித்தீன் பையையோ செருகிக்கொண்டு ஓட வேண்டாம், அது ஆவியையும் தடுக்காது, தீயையும் தடுக்காது. குறியீட்டை ஸ்கானரால் அழித்துவிட்டாலும் கசிவு அப்படியே இருக்கும்.

மன்னார்த் தீவுக்காரர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மணலையும் உப்பையும் அள்ளிக்கொண்டுதான் வீசுகிறது. 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று, மூடிக்கதவின் இடுக்கில் உப்பைப் படியவிடும். இரும்புக் கழுத்துள்ள கார்களில் விளிம்பு துருவேறிச் சொரசொரப்பாகும். அதன்மேல் எவ்வளவு புதிய மூடியைப் போட்டாலும் சரியாகப் பொருந்தாது. கார் கழுவும்போது அந்தக் கதவையும் திறந்து நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுவது பல வருடத் துருவைத் தடுக்கும்.

விளக்கே இல்லாத கார்கள்

இந்தக் கசிவுச் சோதனை அமெரிக்கச் சட்டத்துக்காகப் பிறந்தது. ஐரோப்பியச் சட்டம் நீண்டகாலம் அதைக் கேட்கவில்லை. யப்பானில் உள்நாட்டுப் பாவனைக்கென்று செய்து, பிறகு எமது வீதிகளுக்கு வந்த கார்களிலும் அது இல்லாமலிருக்கலாம். மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கரவண்டியிலும் அப்படி ஒரு விளக்கை எதிர்பார்க்க முடியாது. விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் வைத்து மூடி சரி என்று முடிவு செய்ய முடியாது.

வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்குமுன் நாம் செய்யும் புகைப் பரிசோதனை, புகைக்குழாயால் வருவதை அளக்கிறது. நிற்கும் காரின் நாள்மூச்சு அந்த அளவையில் விழாது. கலிபோர்னியாவின் பரிசோதனையில் பழைய கார்களின் மூடி இறுக்கத்தையும் தனியே சோதிக்கிறார்கள். இங்கும் அதைச் சேர்க்க வேண்டும். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை, வெடித்த றப்பர் வளையத்தைக் கண்ணால் பார்த்தே மாற்றச் சொல்லலாம். வெயில் இவ்வளவு காயும் நாட்டில் அதன் பலன் குளிர்நாடுகளில் கிடைப்பதைவிடக் கூடவே இருக்கும்.

அதுவரை அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியது பெற்றோல் அடிக்கும் நாமும், அடித்துவிடும் தம்பியும்தான். காசைக் கொடுக்குமுன் 'டிக்' சத்தத்தைக் கேட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை வளையத்தைத் தடவிப் பாருங்கள்.